நிரல் எழுதும் இயந்திரமும் பட்டறிவும்

பொருளாதாரம் பயின்றோர், செய்து கற்றல் பற்றிக் கென்னத் ஆரோ 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையை அறிந்திருப்பர். சுவீடன் நாட்டில் ஹோர்ண்டால் என்னும் ஊரிலிருந்த இரும்பாலையொன்றை அவர் அதில் எடுத்துக் காட்டுகிறார். அவ்வாலையில் 15 ஆண்டுக் காலம் குறிப்பிடத்தக்க புதிய முதலீடு எதுவும் செய்யப்படவில்லை. ஆயினும் ஓர் ஆள்-மணிக்குக் கிடைத்த உற்பத்தி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 சதவீத அளவில் உயர்ந்துகொண்டே வந்தது. நேற்றைய வேலை இன்றைய வேலைக்கு ஆசானாக அமைந்ததே இவ்வுயர்வுக்குக் காரணம் என ஆரோ கருதினார். பட்டறிவும் ஒருவகை மூலதனமே என்ற கருத்து அதன் பின்னரே பொருளியல் நூல்களில் உறுதியான இடம் பெற்றது.

கணிப்பொறிகளுக்கான நிரல்களைத் தாமே எழுதும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் இன்று உலகெங்கும் பயன்பாட்டிற்கு வந்துள்ளன. 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முன்னோட்டமாக வெளிவந்த கிட்ஹப் கோபைலட், நிரலர் எழுதத் தொடங்கிய வரியையோ ஒரு முழுச் சார்பையோ முடித்துக் கொடுக்கும் அளவிலேயே இருந்தது. இப்போதைய உதவியாளர்களோ கோப்புகளைத் தாமே திறந்து படிக்கின்றன; கட்டளைகளை இயக்குகின்றன; சோதனை தோற்றால் காரணம் தேடித் திருத்துகின்றன. இத்துணை ஆற்றல் படைத்த இக்கருவிகளிடம், ஹோர்ண்டால் ஆலையின் சாதாரணத் தொழிலாளியிடம் இருந்த ஒன்று இயல்பாக அமையவில்லை. நேற்று மூன்று மணி நேரம் போராடிக் கண்டறிந்த ஒரு வழியை இன்று காலை அவை அறியா. அதே தவறான பாதையில் மீண்டும் புகுந்து, அதே மூன்று மணி நேரத்தைச் செலவிடவும் கூடும். இக்குறையைப் போக்க மேற்கொள்ளப்பட்டு வரும் முயற்சிகளையும், அரசு அலுவலகங்கள் அவற்றில் கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மறதி ஏன்?

இவ்வுதவியாளர்களின் உள்ளே இயங்குவது பெருமொழி மாதிரி எனப்படுவது. கோடிக்கணக்கான பக்கங்களையும் நிரல்களையும் கொண்டு பயிற்றப்பட்டபோது அதன் உள்ளெண்கள் வடிவம் பெற்றன. பயிற்சி முடிந்ததும் அவ்வெண்கள் உறைந்துவிடுகின்றன. நாம் அதனுடன் பணியாற்றும்போது அவற்றில் ஒன்றுகூட மாறுவதில்லை. நம் கேள்வி, திறந்து பார்த்த கோப்புகள், வந்த பிழைச் செய்திகள், நாம் கூறிய திருத்தங்கள் ஆகிய அனைத்தும் ஒரு தற்காலிகப் பலகையில் எழுதி வைக்கப்படுகின்றன. சில மாதிரிகளில் இப்பலகை 10 லட்சம் டோக்கன்கள் கொள்ளுமளவுக்கு இப்போது விரிந்துள்ளது. எனினும் அமர்வு முடிந்ததும் பலகை துடைக்கப்படுகிறது. அடுத்த அமர்வில் வருவது, நிரம்பப் படித்த, ஆனால் நம் அலுவலகத்தை முதன்முறையாகக் காண்கின்ற ஒருவரே.

இதற்கு முதலில் தோன்றும் தீர்வு, பழைய அமர்வுகளைக் கொண்டு மாதிரியையே மீண்டும் பயிற்றுவது. இது செலவு மிக்கது. புதியதைக் கற்கையில் பழையது சிதையும் இயல்பும் உண்டு. கற்றது இன்னதென்று எவரும் பிரித்துப் படித்துப் பார்க்கவும் இயலாது. பழைய அமர்வுகளின் பதிவுகளை அப்படியே சேமித்து, வேண்டும்போது தேடி எடுப்பது மற்றொரு வழி. ஆனால் ஒரு பிற்பகல் அமர்வின் பதிவே பல நூறு பக்கங்கள் வரும். அதில் பெரும்பகுதி தடுமாற்றமும் தோல்வியுமே. பதிவறையிலுள்ள கட்டுகள் அனைத்தையும் புதிய எழுத்தரின் மேசைமீது குவித்துவிட்டு, முன்மாதிரியைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

எனவே ஆய்வாளர்களின் கவனம் இடைப்பட்ட ஒரு வழியை நாடியது. அமர்வு முடிந்தபின் அதன் பதிவைப் படித்து, மீண்டும் பயன்படத்தக்க பகுதியை மட்டும் வடித்தெடுத்து, சிறிய ஏடாக எழுதி வைப்பதே அது. இதனைத் திறன் என்று அழைக்கின்றனர். நடைமுறையில் இது வெறும் உரைக்கோப்பே. அதற்கு ஒரு பெயர், எப்போது பயன்படும் என்று கூறும் ஓரிரு வரிகள், பின்பற்ற வேண்டிய படிகள், தேவைப்பட்டால் உடன் இயக்கத்தக்க ஒரு சிறு நிரல் ஆகியன இருக்கும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இவ்வகையைச் சார்ந்தது. அதில் எல்லாத் திறன்களின் பெயரும் சுருக்க விளக்கமும் மட்டுமே எப்போதும் பலகையில் இருக்கும். பொருத்தமான பணி வரும்போது மட்டும் முழு ஏடும் திறக்கப்படும். நூறு ஏடுகள் இருப்பினும் பலகை நிரம்பிவிடாமலிருக்க இது உதவுகிறது.

மத்தியச் செயலக அலுவலக நடைமுறைக் கையேட்டை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. முன்மாதிரி முடிவுகளுக்கெனத் தனிப் பதிவேடு வைத்தலும், ஒரு பொருள் குறித்த கொள்கைகளின் சுருக்கத்தையும் முக்கிய ஆணைகளின் நகல்களையும் ஒரே கோப்பில் தொகுத்தலும் அக்கையேடு நெடுங்காலமாக வலியுறுத்தி வருபவை. பிரிவு அலுவலர் மாற்றலாகிச் சென்றாலும் பிரிவின் நினைவு மாற்றலாகக் கூடாது என்பதே அவற்றின் நோக்கம். (அப்பதிவேடுகள் எத்தனை பிரிவுகளில் முறையாக எழுதப்படுகின்றன என்பது வேறு கேள்வி.)

ஓர் எடுத்துக்காட்டு

திறனை வடித்தெடுப்பதில் உள்ள நுட்பத்தைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நிகழ்வைக் கற்பனை செய்துகொண்டு பார்ப்பது நலம். மாவட்ட அலுவலகமொன்றில் ஓய்வூதியம் பெறுவோரின் பட்டியல்கள் இரண்டு உள்ளன எனக் கொள்வோம். ஒன்று அலுவலகத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. மற்றது வங்கியிலிருந்து வந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்களைப் பிரித்துத் தருமாறு உதவியாளரிடம் கூறப்படுகிறது. கோமதி என்னும் பெயர் இரண்டிலும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறது. ஆயினும் நிரல் அவற்றை வெவ்வேறு பெயர்கள் என்று ஒதுக்கிவிடுகிறது.

காரணம் ஒருங்குறியின் அமைப்பில் உள்ளது. தமிழின் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரு வகையில் சேமிக்கலாம். கோ என்ற எழுத்தில் ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீட்டெண்ணாக வைக்கலாம்; அல்லது ஏகாரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டு எண்களாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ அவை வேறு வேறு எண் வரிசைகள். மலையாளம், கன்னடம், வங்காளம் ஆகிய மொழிகளிலும் இத்தகைய இரட்டை வடிவங்கள் உண்டு. இரண்டையும் சமமானவையாகவே கொள்ள வேண்டும் என்று ஒருங்குறித் தரம் கூறுகிறது. அதற்கென எழுத்துகளை ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும் இயல்பாக்க முறையையும் வகுத்துள்ளது. ஆங்கில நூல்களிலும் ஆங்கிலத் தரவுகளிலும் மிகுதியாகப் பயின்ற உதவியாளருக்கு இது உடனே தோன்றாமல் போகலாம். பல முயற்சிகளுக்குப் பின், எண் வரிசைகளை அச்சிட்டுப் பார்த்து அது காரணத்தைக் கண்டுபிடிக்கிறது. பணி முடிகிறது.

இந்த அமர்விலிருந்து எதைக் கற்பது? கோமதி என்னும் பெயர் வந்தால் இன்னது செய்க என்று எழுதினால் அது மற்றொரு நாளுக்கு உதவாது. தமிழ் உரை எங்கு வந்தாலும் அதனை ஒரே வடிவத்திற்கு மாற்றிவிடுக என்று எழுதினால் அது எல்லை மீறியது. மின்னொப்பமிட்ட ஆவணமொன்றின் உரையை அவ்வாறு மாற்றினால், கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாமலே ஒப்பம் செல்லாததாகிவிடும். சரியான பாடம் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது: இந்திய மொழிப் பெயர்களை ஒப்பிடும் வேளையில், ஒப்பிடுவதற்கென எடுத்த நகலை மட்டும் இயல்பாக்குக, மூலப் பதிவைத் தொடாதே. இந்த ஒரு வரியை எழுதுவதற்குச் செய்தது என்ன என்பது மட்டும் தெரிந்தால் போதாது. ஏன் செய்யப்பட்டது, எங்கே பொருந்தாது என்பதும் தெரிய வேண்டும்.

இதைவிடக் கேடான நிலையும் உண்டு. உதவியாளர் வேறொரு வழியில் சென்றிருக்கலாம். உயிர்மெய்க் குறிகளையெல்லாம் நீக்கிவிட்டு எஞ்சிய எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டாலும் கோமதியும் கோமதியும் பொருந்திவிடும். சோதனைக்கு வைத்த 20 பெயர்களும் தேறிவிடலாம். அமர்வு வெற்றி என்று குறிக்கப்பட்டு, அம்முறையே திறனாகச் சேமிக்கப்படுகிறது. அதன்பின் அடுத்த பட்டியலில் சீதாவும் சுதாவும் வருகிறார்கள். குறிகளை நீக்கினால் இருவரும் சத என்ற இரண்டு எழுத்துகளே. இருவரை ஒருவராகக் கொண்டு, ஒரு பெயரை இரட்டிப்பு எனக் கருதி நிரல் நீக்கிவிடுகிறது. ஒரு மூதாட்டியின் ஓய்வூதியம் நின்றுபோகிறது. தனி அமர்வில் நேர்ந்த பிழை அந்த அமர்வோடு போயிருக்கும். திறனாக எழுதப்பட்ட பிழையோ அடுத்தடுத்த மாவட்டங்களுக்கும் செல்லும். பட்டறிவைச் சேமிக்கும் ஏற்பாடு பிழையையும் அதே சிக்கனத்துடன் சேமிக்க வல்லது.

ஆராய்ச்சிகள் காட்டும் வழி

இத்துறையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் 2023-ஆம் ஆண்டில் தொடங்கியது எனலாம். அவ்வாண்டு மார்ச் மாதம் வெளிவந்த ரிஃப்ளெக்ஷன் என்னும் முறையில், தோல்வியுற்ற முயற்சியைப் பற்றி மாதிரியே ஒரு குறிப்பு எழுதி, அக்குறிப்பைப் படித்துவிட்டு மீண்டும் முயன்றது. நிரல் எழுதுவதற்கான 164 கணக்குகள் கொண்ட ஹியூமன்ஈவல் தேர்வில் 91 சதவீதத் தேர்ச்சியை அது எட்டியது. ஒப்பீட்டுக்குக் கொண்ட ஜிபிடி-4 மாதிரியின் தேர்ச்சி 80 சதவீதம். எனினும் இது அதே கணக்கை மறுபடி செய்வதற்கு உதவிய நினைவே. ஒரு கணக்கின் பாடத்தை மற்றொரு கணக்குக்கு எடுத்துச் செல்லும் வேலை வேறு.

அதனை மிகத் தெளிவாகக் காட்டியது, அதே ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த வாயேஜர் என்னும் ஆய்வு. மைன்கிராஃப்ட் என்ற கணிப்பொறி விளையாட்டினுள் மரம் வெட்டவும், சுரங்கம் தோண்டவும், கருவிகள் செய்யவும் ஒரு செயற்கை நுண்ணறிவுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. வெற்றி பெற்ற ஒவ்வொரு செயலும் ஒரு சிறு நிரலாகத் திறன் நூலகத்தில் சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த கடினச் செயல்கள் முந்திய நிரல்களை அடுக்கிக் கட்டப்பட்டன. முன்னிருந்த முறைகளைக் காட்டிலும் 3.3 மடங்கு மிகுதியான புதுப் பொருள்களை அது கண்டடைந்தது. விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நமக்கு இதில் பயன்படும் செய்தி வேறொன்று. செயல் உண்மையிலேயே நிறைவேறியதா என்று சரிபார்க்கும் உறுப்பை ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தனர். கண்டடைந்த பொருள்களின் எண்ணிக்கை 73 சதவீதம் வீழ்ந்தது. சரிபார்க்காமல் சேர்த்த நூலகம் நூலகமாகப் பயன்படவில்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த எக்ஸ்பெல் என்னும் முறை, வெற்றி பெற்ற முயற்சியையும் தோல்வியுற்ற முயற்சியையும் அருகருகே வைத்து வேறுபாட்டிலிருந்து பாடம் எடுத்தது. எழுதிய பாடங்களுக்கு மதிப்பு கூட்டவும், குறைக்கவும், திருத்தவும் அதில் வழியிருந்தது. 2024 செப்டம்பரில் கார்னகி மெலன், எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட பணிப்போக்கு நினைவு பற்றிய ஆய்வில், வலைத்தளங்களில் வேலை செய்யும் உதவியாளர்களின் வெற்றி வீதம் ஒரு தேர்வில் முன்னிருந்ததைவிட 51.1 சதவீதமும் மற்றொன்றில் 24.6 சதவீதமும் உயர்ந்தது. இவை முந்தைய நிலையோடு ஒப்பிட்ட உயர்வுகள். முழு வெற்றி வீதங்கள் அல்ல என்பதை மாணவர்கள் நினைவில் கொள்க. இத்தகைய எண்களைச் செய்தித்தாள்கள் எடுத்தாளும்போது இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

எவ்வாறு சோதிப்பது?

அமர்வு வெற்றியாக முடிந்தது என்பதால், அதில் செய்த ஒவ்வொன்றும் வெற்றிக்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. உரமிட்ட ஆண்டில் மழையும் பெய்தால் விளைச்சல் எதனால் என்ற பழைய கேள்விதான் இங்கும் எழுகிறது. அதற்கு வேளாண் புள்ளியியல் கண்ட விடையே இங்கும் பொருந்தும். ஒரே வகைப் பணிகள் பலவற்றைத் தேர்ந்து, திறன் ஏட்டோடு ஒரு முறையும் ஏடின்றி ஒரு முறையும் செய்வித்து ஒப்பிட வேண்டும். அப்பணிகள், எந்த அமர்விலிருந்து திறன் எடுக்கப்பட்டதோ அதைச் சாராத புதிய பணிகளாக இருத்தல் இன்றியமையாதது. நம் எடுத்துக்காட்டில் சோதனைப் பட்டியலில் கோமதி மட்டும் இருந்தால் போதாது. சீதாவும் சுதாவும் இருக்க வேண்டும். அவர்களை அங்கே வைக்க வேண்டும் என்று அறிந்தவர், மொழியும் அலுவலகமும் அறிந்த ஒரு மனிதரே.

உதவியாளரே தன் வேலைக்கு மதிப்பெண் இடுவதையும் பயன்படுத்துவோரின் மனநிறைவையும் சோதனையாகக் கொள்ளுதல் தகாது. மெட்டர் என்னும் அமைப்பு 2025-இல் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. தாம் நெடுநாள் பழகிய திட்டங்களில் பணியாற்றிய 16 நிரலர்கள் 246 பணிகளைச் செய்தனர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்திய பணிகளில் அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதலான நேரம் பிடித்தது. ஆனால் தமக்கு 20 சதவீத நேரம் மிச்சமாயிற்று என்றே அவர்கள் பணி முடிந்த பின்னும் நம்பினர். சிறிய ஆய்வுதான், அப்போதிருந்த கருவிகளைப் பற்றியதுதான். எனினும், உணர்வும் அளவும் எதிரெதிர்த் திசையில் செல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஏடுகள் பெருகுவதும் ஒரு தொல்லையே. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குறிப்புகள் இருந்தால் உதவியாளர் எதை எடுக்கும் என்று கூற இயலாது. ஒரு படிவம் மாறியிருக்கும்; பழைய படிவத்துக்கான திறன் ஏட்டில் அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஏட்டிலும் எழுதிய நாள், எந்தப் பணியிலிருந்து வந்தது, யார் ஒப்புதல் அளித்தார், கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது ஆகிய நான்கையும் குறித்தல் வேண்டும். பயன்படாதவற்றைக் கழிக்கவும் காலம் வகுக்க வேண்டும். பதிவேடுகளைக் கழிப்பதில் நம் அலுவலகங்கள் காட்டும் தயக்கம் இங்கும் தொடருமானால், உதவியாளர் விரைவிலேயே காலங்கடந்த சுற்றறிக்கைகளின் பாதுகாவலராகிவிடும்.

அரசுத் துறைகளின் நிலை

நம் நாட்டில் இதற்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் இருப்பதாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவது, நாளை முதலிலும் மாதத்தைப் பின்னரும் எழுதுவது, எண்களை லட்சம், கோடி என்று பிரிப்பது, ஒரே பெயர் பல மொழிகளில் பல எழுத்துக்கூட்டலில் வருவது ஆகியன நமக்கு இயல்பானவை. வேற்று நாட்டுத் தரவுகளில் பயின்ற கருவிக்கு இவை விதிவிலக்குகள். இவ்விதிவிலக்குகளைத் தெளிவாக எழுதி வைத்த திறன் ஏடுகளுக்கு, அளவில் சில பக்கங்களே ஆயினும், மதிப்பு மிகுதி. ஒரு மாநிலத்தில் எழுதி மற்றொரு மாநிலத்தில் பயன்படுத்தத்தக்க பொதுச் சொத்தாக அவை அமையக்கூடும்.

ஆனால் அச்சொத்து யாருடையது? அரசு மென்பொருள்களின் மூல நிரலைத் துறைகளிடையே பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் கொள்கையையும், திறந்த மூல மென்பொருள்களுக்கு முதலிடம் அளிக்கும் கொள்கையையும் மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. ஓப்பன்ஃபோர்ஜ் என்னும் தளமும் அதற்கென அமைக்கப்பட்டது. அக்கொள்கைகள் வகுக்கப்பட்ட நாளில் திறன் ஏடு என்ற பொருளே இல்லை. இன்று ஒரு துறைக்காக ஒப்பந்த நிறுவனமொன்று இரண்டு ஆண்டுகள் பணியாற்றினால், நிரல் துறையிடம் வந்து சேரலாம். அதை எழுதுகையில் திரண்ட பட்டறிவோ நிறுவனத்தின் கணக்கில், நிறுவனத்தின் உதவியாளரிடம் தங்கிவிடும். அடுத்த நிறுவனம் தொடக்கத்திலிருந்து தொடங்கும்; அல்லது முந்திய நிறுவனத்தையே விட முடியாத நிலை துறைக்கு ஏற்படும். மக்களின் பதிவுகளைக் கொண்டு, மக்களின் வரிப்பணத்தில் திரண்ட பட்டறிவு தனியார் மூலதனமாவது, பொருளியல் நோக்கில் கவனத்துக்குரிய கசிவாகும்.

பாதுகாப்பு பற்றியும் இரண்டு செய்திகள். அமர்வுப் பதிவுகளில் பயனாளிகளின் பெயர், வங்கிக் கணக்கு எண் போன்றவை இடம்பெற்றிருக்கும். வடித்தெடுக்கும் ஏட்டில் அவை நுழையக் கூடாது. எடுத்துக்காட்டுக்குக் கற்பனைப் பெயர்களையே ஆள வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்த அலுவலர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. அடுத்து, உதவியாளர் படிக்கும் வெளிக் கோப்பொன்றில் தீய நோக்குடன் ஒரு கட்டளை புதைக்கப்பட்டிருக்கலாம். சாதாரணமாக அதன் தீங்கு அந்த அமர்வோடு நிற்கும். ஆனால் அதுவே பாடமாகப் பதிவாகிவிட்டால் ஒவ்வோர் அமர்விலும் உயிர்த்தெழும். எனவே உதவியாளர் தானாக எழுதும் ஏடு வரைவாகவே இருக்க வேண்டும். அலுவலர் ஒருவர் படித்து ஒப்பமிட்ட பின்னரே அது நடைமுறைக்கு வருதல் முறை. ஏடு எளிய தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட உரையாக இருப்பதால், நிரலாக்கம் அறியாத பிரிவு அலுவலரும் இதனைச் செய்ய இயலும். மாதிரியையே மறுபடி பயிற்றும் வழியில் இவ்வாய்ப்பு இல்லை.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டுவதில்லை. ஒரு பிரிவில் கடந்த மூன்று மாதங்களில் உதவியாளரை மனிதர் திருத்த நேர்ந்த இடங்களை மட்டும் தொகுத்தால் போதும். அமர்வுப் பதிவு முழுவதிலும் மிகுந்த மதிப்புடையவை அத்திருத்தங்களே. மாதிரி தன் பயிற்சியில் பெற்றிராத அறிவு அவற்றில்தான் உள்ளது. இருமுறைக்கு மேல் நேர்ந்த திருத்தங்களுக்கு மட்டும் ஏடு எழுதி, ஏடொன்றுக்குச் சில சோதனைப் பணிகளையும் சேர்த்து வைக்கலாம். புதிய ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலில் மூல நிரல், பயனர் கையேடு ஆகியவற்றை அடுத்து, திறன் ஏடுகளும் அவற்றுக்கான சோதனைகளும் எந்த நிறுவனத்தின் கருவியும் படிக்கத்தக்க எளிய உரைக்கோப்பாக என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். இறுதித் தவணைத் தொகையை அவ்வரி நிறைவேறிய பின்னரே விடுவிக்க வேண்டும்.